சோழாவா, சோழா ஹோல்டிங்ஸா, இல்லை ஃபண்டே போதுமா?

சோழமண்டலம் ஃபைனான்ஸ் (சுருக்கமாகச் சோழா) பங்கை வாங்கலாம் என்று தேடுபவருக்கு, அதே முருகப்பா குழுமத்தில் சோழமண்டலம் ஃபைனான்சியல் ஹோல்டிங்ஸ் என்று இன்னொரு பங்கும் கண்ணில் படும். இது ஒரு ஹோல்டிங் கம்பெனி, அதாவது தானே தொழில் செய்யாமல் மற்றக் கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் கம்பெனி. அந்த ஹோல்டிங்ஸ் பங்கு ஒன்றுக்குப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு சோழா பங்குகள் இருக்கின்றன. ஆனால் அதன் விலை பல ஆண்டுகளாகவே இரண்டு சோழா பங்குகளின் விலைக்கு வெகுவாகக் கீழேதான் இருக்கிறது. டிவிஎஸ் ஹோல்டிங்ஸில் இடைவெளி இன்னும் பெரிது. ஒரு பங்குக்குப் பின்னால் பதினொன்றுக்கும் மேற்பட்ட டிவிஎஸ் மோட்டார் பங்குகள்!

"தள்ளுபடியில் கிடைக்கிறதே, முழு விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். "எதற்கு இந்த வம்பு, ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவிட்டுப் போகலாமே" என்பார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் நடுவே தவிப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம். அந்தத் தள்ளுபடியை ஒழிக்க வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருக்கிறதா, இருந்தால் எப்போதைக்குள் என்பதுதான் முதல் கேள்வி. சென்னையில் பிறந்த ஹோல்டிங் கம்பெனிகளின் கதையைப் பார்த்தாலே இது புரியும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, உள்ளே இருக்கும் சொத்தை வெளியே நேரடியாக வாங்க முடியுமா என்பது. சோழா பங்கு தினமும் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் சோழமண்டலம் எம்எஸ் ஜெனரல் இன்ஷூரன்ஸ் பங்கை நீங்களும் நானும் வாங்க வழியில்லை. பட்டியலிடப்படாத நல்ல தொழில் உள்ளே இருந்தால் ஹோல்டிங் கம்பெனிக்கு ஓர் அர்த்தம் உண்டு.

இரண்டாவது, மேலே சொன்ன கட்டாயம். மூன்றாவது, சம்பாதிக்கிற கம்பெனியிலிருந்து உங்கள் கைக்குப் பணம் வருவதற்குள் நடுவில் யார் யார் கிள்ளுகிறார்கள் என்பது. வரி, கடன், நிர்வாகச் செலவு எல்லாம் இதில் அடங்கும். நான்காவது, நாளைக்கே விற்க வேண்டுமென்றால் வாங்க ஆள் இருக்கிறதா. கடைசியாக, இதையெல்லாம் தொடர்ந்து கவனிக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலரும் தங்களுக்கே உண்மையான பதில் சொல்லிக்கொள்வதில்லை.

ஹோல்டிங் பங்கின் உள்மதிப்பைக் கணக்கிடுவது எளிது. அந்தக் கம்பெனி வைத்திருக்கும் துணை நிறுவனப் பங்குகளின் எண்ணிக்கையை அதன் சொந்தப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதைத் துணை நிறுவனப் பங்கின் விலையால் பெருக்கி, பங்கு ஒன்றுக்கான ரொக்கத்தைக் கூட்டி, கடனைக் கழித்தால் உள்மதிப்பு வந்துவிடும். சந்தை விலையைத் தவிர மற்ற எண்கள் ஆண்டறிக்கையிலேயே இருக்கும்.

## ரிசர்வ் வங்கி விதியால் வந்தவை: ஈக்விடாஸ், ஐடிஎஃப்சி

ஹோல்டிங் கம்பெனிகளில் இரண்டு சாதி உண்டு. சட்டம் கேட்டதற்காக உருவானவை ஒரு பக்கம். குடும்பம் தன் வசதிக்காக வைத்துக்கொண்டவை இன்னொரு பக்கம். தள்ளுபடியின் ஆயுள் இரண்டிலும் வேறு வேறு.

ஈக்விடாஸ் 2007-ல் சென்னையில் சிறுகடன் நிறுவனமாகத் தொடங்கியது. அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவில் அலுவலகம். 2016 ஏப்ரலில் ஈக்விடாஸ் ஹோல்டிங்ஸ் 110 ரூபாய் விலையில் பங்கு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈக்விடாஸ் சிறு நிதி வங்கி செயல்படத் தொடங்கியது. பட்டியலில் இருந்ததோ ஹோல்டிங் கம்பெனி மட்டும்தான். ஆனால் வங்கியும் தனியாகப் பட்டியலிடப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கெடு தவறியதும் 2019 செப்டம்பரில் புதுக் கிளைகள் திறக்கத் தடை வந்தது. கடைசியில் 2020 அக்டோபரில் வங்கி 33 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அன்றிலிருந்து ஒரே தொழிலுக்கு இரண்டு பங்குகள் சந்தையில் ஓடின. ஹோல்டிங்ஸுக்குத் தள்ளுபடியும் ஒட்டிக்கொண்டது.

ஐந்து ஆண்டுகள் ஆனதும் நிறுவனர் என்ற இடத்தில் இருக்கும் ஹோல்டிங் கம்பெனி விலகிக்கொள்ளலாம் என்று 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி வழிவிட்டது. 2023 பிப்ரவரியில் ஈக்விடாஸ் ஹோல்டிங்ஸ் வங்கியோடு இணைந்து மறைந்தது. 100 ஹோல்டிங்ஸ் பங்குக்கு 231 வங்கிப் பங்குகள்.

இந்த 231-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹோல்டிங்ஸ் சுமார் 34 கோடி பங்குகள் வெளியிட்டிருந்தது. அதன் கையில் வங்கியின் சுமார் 93 கோடி பங்குகள் இருந்தன. வகுத்தால் 100 பங்குக்கு 273. கிடைத்தது 231. பாக்கி 42 எங்கே போனது? இணைப்பில் ஹோல்டிங்ஸ் வைத்திருந்த 93 கோடி பங்குகள் ரத்தாகி, அவற்றுக்குப் பதிலாகச் சுமார் 79 கோடி புதிய பங்குகளே வந்தன. வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 125 கோடியிலிருந்து 111 கோடியாகக் குறைந்தன. எனவே ஹோல்டிங்ஸ்காரர்களின் உண்மையான இழப்பு 42 பங்கு அளவுக்கு இல்லை. வங்கியில் அவர்கள் எல்லாருடைய கூட்டுப் பங்கு சுமார் 75 சதவீதத்திலிருந்து 71 சதவீதமானது. அந்த வித்தியாசம் வங்கிப் பங்கை நேரடியாக வைத்திருந்தவர்களுக்குச் சத்தமில்லாமல் சேர்ந்தது. அவர்களுடைய ஒவ்வொரு பங்குக்கும் வங்கியில் இருந்த உரிமை முன்பைவிட எட்டில் ஒரு பங்கு கூடியது.

தள்ளுபடி மறையும்போது அது முழுவதும் ஹோல்டிங்ஸ்காரருக்கே வந்து சேரும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

ஐடிஎஃப்சியின் கதை இன்னும் நீளம். பெரிய அதிகாரிகள் மும்பையில் இருந்தாலும் பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருந்தது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்க 1997-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். 2005-ல் 34 ரூபாய்க்குப் பங்கு வெளியீடு. 2008-ல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டின் மியூச்சுவல் ஃபண்ட் தொழிலைச் சுமார் 820 கோடிக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில் வங்கி உரிமத்துக்குக் கொள்கை ஒப்புதல் கிடைக்க, 2015 அக்டோபர் 1 அன்று ஐடிஎஃப்சி வங்கி பிறந்தது. கடன் தொழில் முழுவதும் வங்கிக்குப் போய்விட்டது. தாய் நிறுவனத்தின் கையில் மிஞ்சியவற்றில் முக்கியமானவை இரண்டு: வங்கியில் பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம். அதுவும் நேரடியாக இல்லை. நடுவில் ஐடிஎஃப்சி ஃபைனான்சியல் ஹோல்டிங் என்று இன்னொரு கம்பெனி. ரிசர்வ் வங்கி அப்படித்தான் அமைக்கச் சொல்லியிருந்தது.

2018 டிசம்பரில் கேபிடல் ஃபர்ஸ்ட் என்ற கடன் நிறுவனம் வங்கியோடு இணைந்ததில் வங்கியில் ஐடிஎஃப்சியின் பங்கு சுமார் 40 சதவீதமாக இறங்கியது; வங்கியின் பெயரும் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் ஆனது. அப்புறம் மியூச்சுவல் ஃபண்ட் தொழிலைப் பந்தன் குழுமமும் கூட்டாளிகளும் 4,500 கோடிக்கு வாங்க, அந்த விற்பனை 2023 ஜனவரி கடைசியில் முடிந்தது. ஐடிஎஃப்சியின் பங்குகள் சுமார் 160 கோடி. ஆகப் பங்கு ஒன்றுக்கு 28 ரூபாய் என்று பலரும் மனக்கணக்குப் போட்டார்கள். கையில் வந்த சிறப்பு டிவிடெண்ட் 11 ரூபாய். அதற்கும் அவரவர் வருமான வரி விகிதத்தில் வரி. 2023 மார்ச்சில் சுமார் 2,200 கோடி வங்கியின் புதிய பங்குகளுக்குப் போய்விட்டது. அந்த முதலீட்டை நான் குறை சொல்லவில்லை, வங்கிக்கு மூலதனம் தேவைப்பட்டது. ஆனால் ஹோல்டிங் கம்பெனியின் ரொக்கத்தை உங்கள் பணமாக எண்ணக் கூடாது.

2023 ஜூலை 3 அன்று இணைப்பு அறிவிப்பு: 100 ஐடிஎஃப்சி பங்குக்கு 155 ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கிப் பங்குகள். அன்று வங்கிப் பங்கு 82 ரூபாய்க்கு அருகிலும் ஐடிஎஃப்சி 109-க்கு அருகிலும் இருந்தன. 82-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 127. அறிவிப்பு வந்த பிறகும் 18 ரூபாய் இடைவெளி! வாங்கிப் போட்டால் சும்மா கிடைக்கும் லாபம் என்று தோன்றுமா, தோன்றாதா? இணைப்பு ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வைக் கடந்து நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்று. பதினைந்து மாதங்கள். அதற்குள் வங்கிப் பங்கு 73-74 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. 1.55-ஆல் பெருக்கினால் 114 ரூபாய். ஒன்றேகால் ஆண்டு காத்திருந்ததற்கு 109 ரூபாய் 114 ஆனது. வங்கி டெபாசிட்டே இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கும்.

ஆனால் இன்னொரு கோணமும் உண்டு. அதே நாளில் வங்கிப் பங்கையே வாங்கியவர் பத்து சதவீதம் நஷ்டத்தில் இருந்தார். அந்தத் தொழிலில் பணம் போடுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தவருக்கு ஹோல்டிங் வழிதான் அடியைத் தாங்கியது. கட்டாயமும் கெடுவும் உள்ள தள்ளுபடிக்கு இந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஸ்ரீராம் கேபிடலும் இப்படி மறைந்த ஒன்றுதான். 1974-ல் சென்னையில் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய குழுமத்தின் அந்த ஹோல்டிங் கம்பெனி, 2022 கடைசியில் ஸ்ரீராம் ஃபைனான்ஸோடு ஐக்கியமானது. பட்டியலில் இல்லாததால் சிறு முதலீட்டாளருக்கு அதில் இடமே இருக்கவில்லை.

## குடும்பம் வைத்துக்கொண்டவை: சோழா, சுந்தரம், டிவிஎஸ்

ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களை அம்பத்தூரில் செய்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்தான் இன்றைய சோழா ஹோல்டிங்ஸ். 1949-ல் தொடங்கிய அந்த நிறுவனம், 1978-ல் பிறந்த சோழமண்டலம் ஃபைனான்ஸின் பங்குகளையும் காப்பீட்டு நிறுவனத்தின் பங்குகளையும் வைத்திருந்தது. 2017-ல் சைக்கிள், குழாய், சங்கிலித் தொழில்களைப் புதுக் கம்பெனிக்குப் பிரித்துக் கொடுத்து, டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பெயரையும் அதற்கே விட்டுக்கொடுத்தது. பழைய கம்பெனி டிஐ ஃபைனான்சியல் ஹோல்டிங்ஸ் ஆகி, 2019-ல் சோழமண்டலம் ஃபைனான்சியல் ஹோல்டிங்ஸ் ஆனது. இன்று அதற்குச் சோழாவில் சுமார் 44 சதவீதம், காப்பீட்டில் 60 சதவீதம். காப்பீட்டின் மீதி 40 ஜப்பானின் மிட்சுயி சுமிடோமோவிடம்.

முருகப்பா குழுமத்தின் தலைமையகமான பாரிமுனை டேர் ஹவுஸில் இந்த அமைப்பைக் கலைக்க வேண்டும் என்று யாரையும் எந்தச் சட்டமும் நெருக்கவில்லை. சோழாவின் கட்டுப்பாடு குழுமத்தின் கையில் நிலைப்பதே இந்தக் கம்பெனி வழியாகத்தான். அந்தப் பங்குகள் விற்பனைக்கு இல்லை. விற்பனைக்கு வராத சொத்துக்குச் சந்தை முழு விலை கொடுக்காது. மயிலாப்பூரில் பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு உங்களுக்கு இருக்கலாம். மனையின் மதிப்பு கோடிகளில் இருந்தாலும், உங்கள் பங்கை மட்டும் விற்கப் போனால் என்ன விலை கேட்பார்களோ அதுதான் இங்கேயும் கதை.

சுந்தரத்தில் பெயர் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-ல் டி. எஸ். சந்தானம் தொடங்கியது. பட்டுல்லாஸ் சாலைக் கட்டடம் சென்னைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. 2018-ல் அதிலிருந்து பிரிந்து பட்டியலிடப்பட்டது சுந்தரம் ஃபைனான்ஸ் ஹோல்டிங்ஸ் (2025-ல் இதன் பெயர் டிஎஸ்எஃப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்று மாறிவிட்டது). அந்தப் பழைய பெயரைப் பார்த்தால் சுந்தரம் ஃபைனான்ஸுக்குத் தாய் நிறுவனம் போலத் தோன்றும். அப்படி இல்லை. அதன் உள்ளே இருப்பவை பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, டர்போ எனர்ஜி மாதிரியான வாகன உதிரிபாக நிறுவனங்களின் பங்குகள். சுந்தரம் மியூச்சுவல் ஃபண்டை நடத்தும் நிறுவனம், வீட்டுக்கடன் நிறுவனம், ராயல் சுந்தரம் காப்பீடு ஆகியவற்றில் உள்ள பங்குகள் எல்லாம் சுந்தரம் ஃபைனான்ஸின் கீழேதான் இருக்கின்றன.

அந்த ஃபண்ட் நிறுவனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1996-ல் பிரிட்டனின் நியூட்டனோடு கூட்டு, பின்னால் பிஎன்பி பரிபாவோடு கூட்டு, 2010-ல் அந்தப் பங்கைத் திரும்ப வாங்கியது, 2021 கடைசியில் பிரின்சிபல் ஃபண்டை வாங்கிச் சேர்த்தது. மற்றவர்களின் பணத்தை நிர்வகிக்கும் தொழில் வேண்டும் என்று நினைப்பவர் பார்க்க வேண்டியது சுந்தரம் ஃபைனான்ஸை. பிரேக்ஸ் இந்தியா வேண்டும் என்பவருக்குத்தான் ஹோல்டிங்ஸ். பாடியில் தொழிற்சாலை கொண்ட அந்தக் கம்பெனி பட்டியலில் இல்லாததால், சாதாரண முதலீட்டாளருக்கு வேறு கதவு கிடையாது.

டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் 1962-ல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன்தான். 2023-ல் வார்ப்புத் தொழிலைத் தனியாகப் பிரித்து, பழைய பெயரையும் அதற்கே கொடுத்துவிட்டு, டிவிஎஸ் மோட்டாரில் 50 சதவீதத்துக்குச் சற்று மேல் வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனி ஆனது. 2024-ல் ரிசர்வ் வங்கியிடம் மைய முதலீட்டு நிறுவனமாகப் பதிவு. அதாவது நிகரச் சொத்தில் குறைந்தது 90 சதவீதம் சொந்தக் குழும நிறுவனங்களிலேயே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டே ஹோம் கிரெடிட் இந்தியாவின் 80 சதவீதத்துக்கும் மேலான பங்கை வாங்கியது. பைக் விற்பனையை நம்பி ஹோல்டிங்ஸ் வாங்கியவர் கையில் இப்போது செல்போன் கடன் தொழிலும் இருக்கிறது. நல்லதா கெட்டதா என்பது வேறு. உங்களைக் கேட்டுக்கொண்டு அது நடக்கவில்லை.

## முதல் வழி: ஹோல்டிங் கம்பெனிப் பங்கு

குறைந்த விலையில் அதிகச் சொத்து என்பது காகிதத்தில் உண்மை. தள்ளுபடி மாறாமல் அப்படியே இருந்தால்கூட, துணை நிறுவனம் ஏறும் அதே விகிதத்தில் இதுவும் ஏறும். அந்த அளவில் நஷ்டம் எதுவும் இல்லை. டிவிடெண்ட் விஷயத்தில் ஒரு சின்னச் சாதகமும் இருந்திருக்க வேண்டும்: பாதி விலைக்கு வாங்கியவருக்கு அதே டிவிடெண்ட் இரண்டு மடங்கு விகிதத்தில் வரலாமே? நடைமுறையில் அப்படி வருவதில்லை. கீழே இருந்து வரும் டிவிடெண்டில் எவ்வளவை மேலே கொடுப்பது என்பது நிர்வாகத்தின் விருப்பம். ஒரு பகுதி கடன் அடைக்கவோ புதுப் பங்கு வாங்கவோ நின்றுவிடும்.

மறைமுகச் செலவில் பெரியது துணை நிறுவனம் மூலதனம் திரட்டும் நேரம்தான். 2020-ல் சோழா 1,200 கோடி திரட்டியபோது 300 கோடியை ஹோல்டிங்ஸ் போட்டது. 2023-ல் 4,000 கோடி திரட்டியபோது அதன் பங்கு விகிதம் இறங்கியது. கடன் கொடுக்கும் தொழில் வளர வளர மூலதனம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஹோல்டிங் கம்பெனிக்கு இரண்டே வழிதான்: பணம் புரட்டிப் போடுவது அல்லது தன் பங்கு கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

வரியைப் பொறுத்தவரை, துணை நிறுவனத்திடமிருந்து வாங்கும் டிவிடெண்டை அப்படியே உங்களுக்குக் கைமாற்றினால் கம்பெனி அளவில் வரிக்கழிவு உண்டு. வைத்துக்கொண்டால் கிடையாது. துணை நிறுவனத்தின் பங்கை விற்றால் கம்பெனி ஒருமுறை மூலதன ஆதாய வரி கட்டும். அந்தப் பணம் டிவிடெண்டாக வந்தால் நீங்கள் இன்னொரு முறை கட்டுவீர்கள். இணைப்பில் பங்குக்குப் பங்கு மாறினால் அப்போது வரி இல்லை, பழைய வாங்கிய விலையும் தேதியும் தொடரும். கம்பெனி பிரிந்தால் வாங்கிய விலையை இரண்டு பங்குகளுக்கும் பிரிக்க வேண்டும். அதற்கான விகிதத்தைக் கம்பெனி வெளியிடும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தாதவர்கள் பத்து ஆண்டு கழித்து விற்கும்போது ஆடிட்டரிடம் அல்லாடுகிறார்கள்.

கடைசியாக விற்பனை வசதி. டிவிஎஸ் ஹோல்டிங்ஸில் சுமார் 75 சதவீதம் குடும்பத்திடம். மொத்தமே 2 கோடிச் சொச்சம் பங்குகள்தான். நல்ல நாளில் விற்கலாம். சந்தை விழும் நாளில் வாங்க ஆள் தேட வேண்டும்.

எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கதையைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. மும்பையின் அந்தக் கம்பெனி ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கிறது. பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி அறிவித்த சிறப்பு ஏலத்தில் 2024 அக்டோபர் 29 அன்று அதன் பங்கு 3 ரூபாய் 53 காசிலிருந்து 2,25,000 ரூபாய்க்குப் போய், அன்றைய வர்த்தக முடிவில் 2,36,250-ஐத் தொட்டது. அன்றும் அது புத்தக மதிப்புக்கு (கணக்குப்படி பங்கு ஒன்றுக்குச் சேரும் நிகரச் சொத்துக்கு) கீழேதான். யாருமே விற்க முன்வராத பங்குக்குச் சரியான விலை கண்டுபிடிக்க நடந்த ஏலம் அது. தினமும் வர்த்தகம் நடக்கும் சோழா ஹோல்டிங்ஸிலோ டிவிஎஸ் ஹோல்டிங்ஸிலோ அப்படி ஒன்று நடக்காது.

## இரண்டாம் வழி: தொழில் செய்யும் கம்பெனியின் பங்கு

எது வேண்டுமோ அதையே முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். காலாண்டு முடிவு வந்தால் விலை உடனே பேசும். வாங்க விற்க ஆள் எப்போதும் இருக்கும். ஈக்விடாஸ் கணக்கில் பார்த்ததுபோல, மேலே இருக்கும் ஹோல்டிங் கம்பெனி இணைய வந்தால் அதில் ஒரு துண்டு உங்களுக்கும் கிடைக்க வாய்ப்புண்டு.

இதன் விலை வேறு விதம். நல்ல நிதி நிறுவனங்கள் புத்தக மதிப்பைப் போலப் பல மடங்கு விலையில் ஓடும். வாராக்கடன் கொஞ்சம் கூடினாலும் அந்த மடங்கு சுருங்கும்போது அடி நேராக உங்கள் மேல் விழும். ஹோல்டிங்கில் இருக்கும் காப்பீடு போன்ற இரண்டாவது தொழிலின் ஆதரவும் இங்கே இல்லை. ஒரே கம்பெனி, ஒரே தொழில்.

## மூன்றாம் வழி: மியூச்சுவல் ஃபண்ட்

நிதித்துறை ஃபண்ட் ஒன்றில் போட்டால் குறைந்தது 80 சதவீதம் அந்தத் துறையிலேயே இருக்கும். வங்கி, கடன் நிறுவனம், காப்பீடு எல்லாம் கலந்து வரும். ஃபண்ட் உள்ளே பங்கை விற்று வாங்கினால் அதற்கு வரி இல்லை. நீங்கள் யூனிட்டை விற்கும்போது மட்டும்தான். ஹோல்டிங் கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது. யூனிட்டுகளும் அன்றைய நிகரச் சொத்து மதிப்பிலேயே திரும்பப் பணமாகும். தள்ளுபடி என்ற பேச்சே இல்லை.

பதிலுக்கு ஆண்டுக் கட்டணம். ஏஜென்ட் மூலம் வாங்கும் திட்டத்தில் இது சுமார் 2 சதவீதத்தைத் தொடலாம். நேரடித் திட்டத்தில் குறைவு. ஹோல்டிங் கம்பெனியின் நிர்வாகச் செலவு அதன் சொத்தோடு ஒப்பிட்டால் துளிதான் என்பதையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பங்கோ பங்கு ஃபண்டோ, 2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் 20 சதவீதம். இந்த விஷயத்தில் மூன்று வழியும் ஒன்றே.

| அளவுகோல் | ஹோல்டிங் கம்பெனி | தொழில் செய்யும் கம்பெனி | மியூச்சுவல் ஃபண்ட் |
|---|---|---|---|
| வாங்கும் விலை | உள்மதிப்புக்குக் கீழே | சந்தை விலை முழுதும் | நிகரச் சொத்து மதிப்பு |
| பட்டியலிடாத தொழிலில் பங்கு | கிடைக்கலாம் | அதன் துணை நிறுவனங்கள் வழியே மட்டும் | பெரும்பாலும் இல்லை |
| பெரிய மறைமுகச் செலவு | இரட்டை வரி, பங்கு கரைவு, காத்திருப்பு | விலை மடங்கு சுருங்குவது | ஆண்டுக் கட்டணம் |
| விற்பது | சிலவற்றில் சிரமம் | எளிது | மிக எளிது |
| உங்கள் வேலை | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## யாருக்கு எது

ஓய்வுபெற்று, மாதாமாதம் இதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவு செய்ய வேண்டியவர் ஹோல்டிங் கம்பெனிப் பக்கமே போக வேண்டாம். டிவிடெண்ட் போதாது, தேவைப்படும் நாளில் விலை எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. அவருக்கு ஃபண்ட்தான், அதுவும் நிதித்துறை ஃபண்ட் மட்டும் என்று இல்லாமல் பரவலான ஒன்று.

சம்பளத்தில் மாதம் பத்தாயிரம் ஒதுக்கும் நாற்பது வயதுக்காரர், வாகனக் கடன் தொழில் அடுத்த பத்தாண்டு நன்றாக வளரும் என்று படித்து, பார்த்து நம்பினால் சோழாவையே வாங்கலாம். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஹோல்டிங்ஸ் வாங்கினால், இரண்டு விஷயங்களில் அவர் சரியாக இருந்தாக வேண்டும்: தொழிலிலும், தள்ளுபடி விரியாமல் இருப்பதிலும்.

காப்பீட்டு நிறுவனம் ஒருநாள் பட்டியலுக்கு வரும், அப்போது அதன் மதிப்பு வெளிச்சத்துக்கு வரும் என்று நினைப்பவருக்குச் சோழா ஹோல்டிங்ஸ் சரியான இடம். பிரேக்ஸ் இந்தியாவுக்காகச் சுந்தரம் ஃபைனான்ஸ் ஹோல்டிங்ஸும் அப்படியே. இங்கே தள்ளுபடி என்பது வாங்குவதற்கான காரணம் அல்ல, கூடவே வரும் பாதுகாப்புதான். இந்த வகையில் வாங்குபவரைத்தான் நான் ஹோல்டிங் கம்பெனிக்கு உரிய வாடிக்கையாளர் என்பேன்.

இணைப்பு அறிவித்த பிறகு இடைவெளிக்காக வாங்குபவர் நாலாவது ரகம். அவர் ஐடிஎஃப்சியின் பதினைந்து மாதக் கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதே காலத்துக்கு டெபாசிட் வட்டி எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே கையில் ஹோல்டிங்ஸ் வைத்திருப்பவர்களும் உண்டு. 2017-ல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பிரிந்தபோது பழைய பங்கே ஹோல்டிங்ஸாக மாறியது; 2018-ல் சுந்தரம் பிரிந்தபோது ஒன்றுக்கு ஒன்று என்று தானாக வந்து சேர்ந்தது. பலருக்கு அப்பா வாங்கிய பங்கிலிருந்து வந்தது. அதை விற்றுத் துணை நிறுவனத்துக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். வாங்கி நெடுங்காலம் ஆகி லாபம் பெரிதாக இருக்கும் என்பதால் விற்றால் வரி கணிசமாக வரலாம். தள்ளுபடி விலையில் விற்று, வரியும் கட்டி, முழு விலையில் வேறொன்றை வாங்குவது இரண்டு பக்கமும் நஷ்டம். உள்ளே இருக்கும் தொழில் பிடிக்காவிட்டால் ஒழிய நான் மாற மாட்டேன். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரும் அளவுக்கு மட்டும், மார்ச்சுக்குள் ஒரு பகுதி, ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பகுதி என்று பிரித்து விற்கலாம். அதற்கு முன் பிரிவின்போது கம்பெனி வெளியிட்ட விலைப் பிரிப்பு விகிதம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனிச் செயலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு வாங்கலாம்.